காவலுக்கு நாய் கேட்கும் தோட்டத்து வீட்டார்க்கு

கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளைகளிலும் ஊர்க்கோடி வீடுகளிலும் குடியிருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

ராசு என்று நாங்கள் பெயரிட்டு அழைக்கும் ஒரு பெரிய நாய்க்கு நிலையான வீடு வேண்டும் என்பதற்காக இம்மடலை எழுதுகிறேன். தெரிந்தவர்களிடமும் கால்நடை மருத்துவரிடமும் சொல்லி வைத்த நாளிலிருந்து அழைப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியோடு தொடங்கின: "நல்லாக் கடிக்குமுங்களா?" கடிக்காது என்றதும், "அப்பறம் எதுக்குங்க அத்தாப் பெரிய நாயி?" என்று வியந்து, பேச்சை முடித்துக்கொண்டார்கள். உயரத்தையும் எடையையும் கேட்டு ஆசைப்படுகிறவர்கள் குணத்தைக் கேட்டு ஏமாற்றமடைவதைப் பார்த்த பின், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விளக்குவதைவிட எல்லார்க்கும் பொதுவாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

ராசு செவலை நிறத்தவன். வாயும் மூக்கும் மட்டும் கருப்பு. எடை 46 கிலோ, தோள்வரை உயரம் 28 அங்குலம். கிரேட் டேன் இனமும் நம்மூர் நாட்டு நாயும் கலந்த பிறப்பாக இருக்க வேண்டும் என்றும், பற்களைப் பார்த்தால் வயது நான்கு இருக்கலாம் என்றும் மருத்துவர் கூறுகிறார். பெருந்துறைக்கும் அவிநாசிக்கும் இடையே நெடுஞ்சாலை ஓரத்தில், தேநீர்க் கடைக்காரர் ஒருவர் போட்ட ரொட்டியையும் சோற்றையும் தின்று உயிர் பிடித்துக் கிடந்தவனை அங்கிருந்து அழைத்து வந்தோம். கழுத்தைச் சுற்றி மயிர் தேய்ந்து, சங்கிலித் தழும்பு தெளிவாகத் தெரிந்ததால், எங்கோ ஒரு வீட்டில் வளர்ந்து கைவிடப்பட்டவன் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. காதுமடல் முழுவதும் உண்ணி அடைந்திருந்தது. இரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்து உண்ணிக் காய்ச்சல் என்று தெரியவந்ததால், டாக்ஸிசைக்ளின் மாத்திரையை நான்கு வாரம் விடாமல் கொடுத்துத் தேற்றினோம். இப்போது வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் மற்றத் தடுப்பூசிகளும் போடப்பட்டு, கருத்தடை அறுவை சிகிச்சையும் முடிந்து, விலா எலும்பு வெளியே தெரியாத அளவுக்கு உடம்பு ஏறியிருக்கிறான்.

அவனுடைய குணத்தை உள்ளது உள்ளபடி சொல்லிவிடுகிறேன். புதியவர் யார் வந்தாலும் இரண்டு மூன்று முறை கனத்த குரலில் குரைப்பான். வீட்டார் யாராவது அவரோடு பேசத் தொடங்கியதும் குரைப்பை நிறுத்தி, அருகே போய், வந்தவருடைய தொடைமேல் தன் முழு எடையையும் சாய்த்துக்கொண்டு நின்றுவிடுவான். இப்படிச் சாய்ந்து நிற்பது கிரேட் டேன் இனத்துக்கு உரிய பழக்கம். அதை அறியாதவர்கள் தள்ள வருகிறது என்று அஞ்சிப் பின்வாங்குகிறார்கள். பள்ளிக்குச் செல்லும் வயதுப் பிள்ளைகளோடு மிகவும் பொறுமையாக இருக்கிறான். நடை பழகும் குழந்தைகள் இருக்கும் வீடு அவனுக்கு ஏற்றதல்ல, ஏனென்றால் அவன் மகிழ்ச்சியில் வால் வீசினாலே குழந்தை விழுந்துவிடும். பட்டாசுச் சத்தமும் இடியும் அவனுக்கு ஆகாது. அந்த நேரத்தில் கட்டிலுக்கு அடியில் நுழைய முயன்று, தலை மட்டும் உள்ளே போய், உடம்பு வெளியே நிற்கும். கயிற்றில் பிடித்திருக்கும்போது ஆடுமாடுகளை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிவிடுகிறான். நாட்டுக்கோழியைக் கண்டால் மட்டும் காது நிமிர்கிறது. கோழிகள் வாசலில் மேயும் வீட்டார் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

காவலுக்கு நாய் வேண்டும் என்று நீங்கள் கேட்பதன் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. பல்லடம் அருகே 2024 நவம்பரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவரும், சிவகிரி அருகே 2025இல் வயது முதிர்ந்த தம்பதியரும் தத்தம் தோட்டத்து வீடுகளில் கொல்லப்பட்ட பிறகு, தனித்தனியாகச் சாளை கட்டி வாழும் நம் பகுதியில் இருட்டிய பின் கதவைத் திறக்கவே அஞ்சும் நிலை வந்துவிட்டது. பிள்ளைகள் கோவையிலோ பெங்களூருவிலோ வெளிநாட்டிலோ வேலையில் இருக்க, பத்து ஏக்கர் நிலத்தின் நடுவில் முதியவர்கள் இருவர் மட்டும் இருக்கும் வீடுகள் எத்தனை என்பதை நம் ஊர்ப் பாதைகளில் போய் வருகிற எவரும் அறிவர். அந்த அச்சத்தைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமில்லை. கடிக்கிற நாய்தான் காக்கும் என்னும் கணக்கில்தான் எனக்கு உடன்பாடில்லை.

இராப்பகலாகச் சங்கிலியில் கிடக்கும் நாய் எல்லாவற்றுக்கும் குரைக்கிறது. மயில் இறங்கினாலும் குரைக்கிறது, பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடினாலும் குரைக்கிறது, பால் வண்டிக்கும் குரைக்கிறது, காற்றில் மட்டை விழுந்தாலும் குரைக்கிறது. சில வாரங்களில் வீட்டார்க்கு அந்தச் சத்தம் பழகிப்போய், எழுந்து பார்ப்பதே நின்றுவிடுகிறது; உண்மையாகவே ஒருவன் வேலியைத் தாண்டி வருகிற இரவிலும் அது வழக்கமான குரைப்பாகவே காதில் விழும். கட்டிக் கிடப்பதால் அந்த நாயால் வேறெதுவும் செய்யவும் முடியாது. அது எட்டும் தூரம் எவ்வளவு என்பதைப் பகலில் வந்து நோட்டம் பார்ப்பவன் கண்ணாலேயே அளந்துவிடுவான். மாறாக, வீட்டுக்குள்ளும் வாசலிலும் நடமாடி, யார் வருவார், எப்போது வருவார், எந்தச் சத்தம் இயல்பு என்பதையெல்லாம் தெரிந்துகொண்ட நாய், வழக்கத்துக்கு மாறானதற்கே குரல் கொடுக்கும். ராசு எங்கள் வீட்டில் இரவில் குரைப்பது அரிது. அதனாலேயே அவன் குரைத்தால் நாங்கள் விளக்கைப் போடுகிறோம்.

செங்கம் பக்கத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. கவர்ந்து செல்லப்பட்ட தொறுவை, அதாவது மாட்டு மந்தையை, மீட்டு உயிர்நீத்த வீரனோடு அவனுடைய நாய் கோவிவனும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது; கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று கல்வெட்டே அதன் பெயரைச் சொல்லிப் புகழ்கிறது. காவல் நாயின் பெருமைக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்களை நானும் கேட்டிருக்கிறேன். அந்த நாய் எசமானோடு கூடவே திரிந்திருக்க வேண்டும், அவனுக்கு அருகிலேயே உண்டு உறங்கியிருக்க வேண்டும் என்பதே அந்தக் கல்லைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது. முன்பின் பழகாத வீட்டில், மாட்டுக் கொட்டகைத் தூணில் கட்டிப் போட்ட நாயிடம் அந்தக் காவலை எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை.

சங்கிலியைப் பற்றிச் சட்டமும் பேசுகிறது. ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியால் உருவான 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதையும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடத்திக் கூட்டிச் செல்லாமல் விடுவதையும், வளர்த்த விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதையும் குற்றங்களாகவே எண்ணுகிறது. முதல் முறைக் குற்றத்துக்கு அதில் எழுதப்பட்ட அபராதம் அதிக அளவாக 50 ரூபாய் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நெடுஞ்சாலையில் காரை நிறுத்தி ஒரு நாயை இறக்கிவிட்டுப் போகிறவருக்கு அந்தத் தொகை தடையாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆகவே சட்டத்தை நம்பி ராசுவை ஒப்படைக்க முடியாது. வீட்டைப் பார்த்துத்தான் ஒப்படைக்க முடியும்.

இங்கே ஒரு கடினமான செய்தியைச் சொல்லியாக வேண்டும். துணைக்கு ஒரு நாய் மிகவும் தேவைப்படுகிறவர்கள் தனியாக வாழும் முதியவர்களே. ஆனால் அவர்களுக்கு ராசுவைத் தருவதற்கு எனக்குத் தயக்கமாக இருக்கிறது. நடைக்குக் கூட்டிச் செல்லும்போது ஒரு பூனையைக் கண்டு அவன் திடீரென்று இழுத்தால், எழுபது வயதைத் தாண்டியவர் கீழே விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வார். அன்பு மிகுதியால் அவன் சாய்ந்து நிற்பதே மூட்டு வலி உள்ளவருக்கு ஆபத்து. உடல்நலம் குன்றி அவனைத் தூக்கி வண்டியில் ஏற்ற வேண்டிய நாள் வந்தால் இரண்டு பேர் வேண்டும். ஆகவே திடகாத்திரமான ஒருவராவது உடன் வசிக்கும் வீடு, அல்லது பண்ணையத்து ஆள் குடும்பத்தோடு அதே தோட்டத்தில் குடியிருந்து நாயிடம் அன்பு காட்டும் வீடு என்றால் மட்டும் முதியவர்களுக்கு அவனைத் தர இசைவேன். மற்றவர்கள் பதினைந்து இருபது கிலோ எடைக்குள் உள்ள, வயது வந்த நாட்டு நாய் ஒன்றை எடுத்து வளர்ப்பதே நல்லது. நம் ஊர்த் தெருக்களிலும் காப்பகங்களிலும் அப்படிப்பட்ட நாய்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றின் காதும் மூக்கும் ராசுவுக்குச் சற்றும் குறைந்தவையும் அல்ல.

காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்து ஆட்டுக்காரர்களை மறந்துவிட்டு நாயைப் பற்றி எழுதினால் இம்மடல் நேர்மையானதாக இருக்காது. கிளுவை வேலி அடைத்த மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் பட்டி போட்டு வைத்த ஆடுகளைத் தெருநாய்க் கூட்டங்கள் இரவோடு இரவாகக் கடித்துக் கொன்றதையும், இறந்த ஆடுகளோடு வந்து இழப்பீடு கேட்டு உழவர்கள் போராடியதையும் நாம் எல்லாரும் பார்த்தோம். ஆண்டு முழுவதும் பாடுபட்டு வளர்த்த ஆடுகளை ஒரே இரவில் இழந்தவரிடம் போய் நாயின் நற்குணத்தைப் பேசுவதற்கு எனக்கு வாய் வராது. ஆனால் அந்தக் கூட்டங்கள் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. கருத்தடை செய்யாமல் அவிழ்த்துவிடப்பட்ட வீட்டு நாய்கள், குட்டி போட்டதும் சாக்கில் கட்டிக் குளத்துக்கரையில் விடப்பட்டவை, சாலையோரத்திலும் ஓடைகளிலும் கொட்டப்படும் கோழிக் கழிவைத் தின்று பெருகியவை என்று அவற்றுள் பெரும்பங்கு நாம் உண்டாக்கியதே. ராசுவை எடுத்துக்கொள்பவர் இரவில் அவனை வெளியே திரிய விடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் காரணம். அவன் எந்த ஆட்டையும் தொடாவிட்டாலும், இருட்டில் பட்டிக்கு அருகே நிற்கும் 46 கிலோ நாயைப் பார்த்தவர் நின்று விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார். அவரை நான் குறை சொல்லவும் மாட்டேன்.

தோட்டம் பெரிய நாய்க்கு ஏற்ற இடம் என்று பொதுவாக எண்ணுகிறோம். ஓடுவதற்கு இடம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் நகர வீட்டில் இல்லாத ஆபத்துகள் பல தோட்டத்தில் இருக்கின்றன. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு முதலாவது. மயிலைத் துரத்திக்கொண்டு ஓடுகிற நாய் கிணற்றுமேட்டைக் கவனிப்பதில்லை. மோட்டார் அறையின் மூலையில் பிரித்தபடி கிடக்கும் குருணை மருந்தும், எலிக்கு வைத்த மருந்தும் அடுத்தவை. அவற்றைப் பூட்டி வைக்கும் பழக்கம் இல்லாத வீட்டுக்கு எந்த நாயையும் தருவதற்கில்லை. மலையடிவாரத்துத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியும், தீனிக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயும் நாயையும் கொல்லும். தாளவாடி, ஆசனூர், ஆனைகட்டி, வால்பாறைப் பக்கங்களில் சிறுத்தை வாசல்வரை வந்து நாயைத் தூக்கிப் போவது புதிய செய்தி அல்ல. அங்கே வசிப்பவர்கள் இரவில் அவனைக் கதவுக்குள் வைத்துக்கொள்ள இசைந்தால் மட்டும் எழுதுங்கள்.

உணவு விஷயத்தில் நம் வீட்டுப் பெண்மணிகளிடம் ஒரு வேண்டுகோள். மிஞ்சிய குழம்பைச் சோற்றில் ஊற்றி நாய்க்கு வைப்பது நம் வழக்கம். ஆனால் நம் குழம்பு எதுவும் சின்ன வெங்காயம் இல்லாமல் ஆவதில்லை, வெங்காயமோ நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. பூண்டும் அப்படியே. திராட்சையும் சாக்லேட்டும் சிறிதளவும் கூடாது. வேகவைத்த கோழி எலும்பு கூரான சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்கும். ராசுவுக்கு நாங்கள் அரிசியோ ராகிக் களியோ, எலும்பு நீக்கிய கோழிக்கறி, முட்டை, பூசணி அல்லது கேரட், சிறிது தயிர் என்று உப்பும் காரமும் இல்லாமல் சமைத்துத் தருகிறோம். அதுவும் ஒரே வேளையில் அண்டா நிறைய வைப்பதில்லை. பிரித்து, காலையும் மாலையும் தருகிறோம், உண்டபின் ஒரு மணி நேரமாவது ஓட விடுவதில்லை.

இதற்கு முக்கியமான காரணம் உண்டு. கிரேட் டேன் போன்ற ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி, தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும் நோய் வரக்கூடும். வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல் தவிப்பது, எச்சில் வடிவது, வயிறு மத்தளம்போல் விறைப்பது ஆகியவை அதன் அறிகுறிகள். கண்டவுடன் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடிய நோய் அல்ல இது. நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருப்பது நம் பகுதிக்குப் பெரிய வசதி. ஆனாலும் இரவில் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் உங்களுக்கு அருகே எங்கே இருக்கிறார் என்பதை நாய் வருவதற்கு முன்பே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கால்நடை ஆம்புலன்சுக்கான 1962 என்னும் எண்ணையும் குறித்து வையுங்கள்.

செலவையும் மறைக்கவில்லை. உணவுக்கும் உண்ணி மருந்துக்கும் சேர்த்து மாதம் 5,000 ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. கருத்தடை அறுவை சிகிச்சைக்கோ, தடுப்பூசிக்கோ, அவனுக்காகவோ நாங்கள் ஒரு ரூபாயும் கேட்கப் போவதில்லை. இத்தகைய பெரிய இனங்களின் ஆயுள் பெரும்பாலும் ஏழிலிருந்து பத்து ஆண்டுகள்தான். நாட்டு இரத்தம் கலந்திருப்பதால் ராசு சற்றுக் கூடுதலாக வாழக்கூடும் என்று நினைத்துக்கொள்கிறேன். எப்படிப் பார்த்தாலும் அவனுடைய வாழ்நாளில் பாதியளவு முடிந்துவிட்டது. பெண்ணுக்குக் கல்யாணம் முடிந்ததும் பார்க்கலாம், புது வீடு கட்டியதும் பார்க்கலாம் என்பவர்களுக்காகக் காத்திருக்க எங்களால் இயலாததற்குக் காரணம் அதுவே.

விசைத்தறிக் கூடத்துக்கும், பனியன் கம்பெனிக் கிடங்குக்கும், கோழிப் பண்ணைக்கும் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். வேலை நேரம் முடிந்து எல்லாரும் போன பின் பூட்டிய வளாகத்துக்குள் தனியே விடப்படும் வாழ்க்கைக்கு அவனை அனுப்ப மனம் இல்லை. குட்டிக்காகக் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையே இல்லை, கருத்தடை முடிந்துவிட்டது.

எதிர்பாராத இடத்திலிருந்தும் அழைப்பு வந்தது. கோவையில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் இளம் தம்பதியர் ராசுவை வந்து பார்த்து, மிகவும் விரும்பி, "எங்க சங்கத்துல பெரிய நாய்க்கு அனுமதி இல்லைங்களே" என்று வருந்திச் சென்றார்கள். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குடியிருப்போர் எல்லாரும் ஒருமித்துத் தீர்மானம் போட்டாலும் வளர்ப்பு நாய்க்குத் தடை விதிக்க முடியாது என்றும், சிறிய நாய் ஆகும், பெரிய நாய் ஆகாது என்று அளவை வைத்துப் பாகுபாடு செய்யக் கூடாது என்றும் தெளிவாகக் கூறுகிறது. கிரேட் டேன் கலப்பு நாய்கள் வீட்டுக்குள் பெரும்பாலும் படுத்தே கிடப்பவை. காலையும் மாலையும் நன்றாக நடத்திக் கூட்டிச் சென்றால் மாடி வீடும் அவற்றுக்குப் போதும். சங்கிலியோடு கூடிய பத்து ஏக்கரா, சங்கிலி இல்லாத இரண்டு அறைகளா என்று கேட்டால், நான் இரண்டு அறைகளையே தேர்ந்தெடுப்பேன். அந்தத் தம்பதியர் இதைப் படிக்க நேர்ந்தால் மீண்டும் வர வேண்டுகிறேன்.

ராசுவை எடுத்து வளர்க்க விரும்புவோர் இம்மடல் உங்கள் கைக்கு வந்த வழியிலேயே விடை அனுப்புங்கள். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், அவன் இரவில் எங்கே படுப்பான், பகலில் அவனோடு இருப்பவர் யார், குடும்பத்தோடு வெளியூர் போகும் நாளில் பார்த்துக்கொள்பவர் யார் என்பவற்றை எழுதினால் போதும். பிறகு வீட்டார் அனைவரும் ஒரு முறை வந்து அவனைப் பாருங்கள்; நாய் வேண்டாம் என்று சொல்லும் ஒருவர் வீட்டில் இருந்தால் அவரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள், அவருடைய சொல்லுக்கு நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். அதன்பின் நாங்கள் உங்கள் வீட்டுக்கு வந்து வேலியையும் கிணற்றையும் பார்த்துவிட்டு, ஒத்துவருமானால் அவனை நாங்களே கொண்டுவந்து விடுகிறோம். புது இடத்தில் முதல் சில வாரங்கள் சரியாக உண்ணாமலும் வாசலையே பார்த்துக்கொண்டும் இருப்பான்; அப்போது அவசரப்பட்டு அவிழ்த்து வெளியே விட வேண்டாம். எழுத்தில் ஒரே ஓர் உறுதிமொழி கேட்போம்: எந்தக் காரணத்தால் வளர்க்க முடியாமல் போனாலும், எத்தனை ஆண்டு கழிந்திருந்தாலும், வேறொருவருக்குக் கைமாற்றாமல் எங்களிடமே சொல்லிவிட வேண்டும். வந்து அழைத்துக்கொள்ளும் பொறுப்பு எங்களுடையது; வண்டிச் செலவும் எங்களுடையதே.

இப்படிக்கு,
ராசுவைத் தற்போது பராமரித்து வருபவர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம், ஈரோடு மாவட்டம்.